லேபிளில் இருப்பது அளவன்று

"ஒருமுறை உடுத்தியது. அளவு எம். விலை 300 ரூபாய். திருப்பி எடுத்துக்கொள்ளப்படாது." உடுத்திய உடைகளை இணையவழி விற்போரின் அறிவிப்புகள் பல இவ்வளவோடு முடிந்துவிடுகின்றன. விலை தெளிவு; விதியும் தெளிவு. வாங்குபவருக்கு முதன்மையாகத் தேவைப்படும் அளவு மட்டும் தெளிவாக இல்லை.

'எம்' என்பது அளவன்று, ஒப்பீடு. சிறியதற்கும் பெரியதற்கும் இடைப்பட்டது என்பதே அதன் பொருள். எந்த நிறுவனத்தின் சிறியது, எந்த நாட்டின் பெரியது என்பதை அவ்வெழுத்து சொல்வதில்லை. எழுதிய தேதி இல்லாத கடிதத்தில் 'நாளை வருகிறேன்' என்று இருப்பதைப் போன்றது அது.

எண்களின் நிலையும் இதுவே. இந்தியாவில் ஆண்கள் சட்டையில் காணும் 38 வழக்கமாக மார்புச் சுற்றளவை அங்குலத்தில் சுட்டும். ஐரோப்பியப் பெண்கள் உடையில் காணும் 38 அங்குலக் கணக்கே அன்று. பிரிட்டனில் 10 எனப்படும் உடை அமெரிக்காவில் ஏறத்தாழ 6. அங்குலமே ஆனாலும், அது உடலின் சுற்றளவா துணியின் சுற்றளவா என்ற ஐயம் எஞ்சும். சட்டை உடலைவிடச் சில அங்குலம் தளர்வாகவே தைக்கப்படுகிறது.

பொதுத் தரம் வந்தால் சிக்கல் தீருமா? அமெரிக்கா 1958இல் பெண்கள் உடைகளுக்கு ஓர் அளவுத்தரத்தை வெளியிட்டது. 1983இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. இந்திய உடல்களுக்கென அளவு அட்டவணை வகுக்க, 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை அளக்கும் திட்டத்தை நிஃப்ட் மேற்கொண்டது. அது தேவையான பணி. ஆனால் எந்தத் தரமும் புதிய உடைக்கே பொருந்தும். உடுத்திய பருத்தி சுருங்கியிருக்கும், எலாஸ்டிக் தளர்ந்திருக்கும், தையற்காரர் பக்கங்களைப் பிடித்திருப்பார். அத்தகைய உடையின் லேபிள் பழைய ஆவணம். இன்றைய நிலைக்குச் சான்று அன்று.

இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. உதவித்தொகையை எண்ணிச் செலவிடும் மாணவி நேர்காணலுக்காக வாங்கிய குர்தா தோளில் ஏறாதபோது, முதலில் குறை காண்பது லேபிளில் அன்று, தன் உடலில். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளும், தொழிலாக அன்றித் தனிப்பட்ட முறையில் எப்போதாவது விற்பவரைக் கட்டுப்படுத்துவதில்லை. அத்தகைய விற்பனையில் வாங்குபவர் பெரிதும் நம்பியிருப்பது விற்பவரின் சொல்லையே.

300 ரூபாய் உடைக்கு இத்தனை உழைப்பா என்று விற்போர் கேட்கக்கூடும். தேவைப்படுவது ஓர் இஞ்சு டேப்பும் சில நிமிடங்களும்தான். சட்டையைத் தரையில் சுருக்கமின்றி விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரட்டித்தால் மார்புச் சுற்றளவு கிடைக்கும். தோள், கை, முழு நீளம் ஆகியவற்றையும், கால்சட்டையாயின் இடுப்பு, தொடை, உட்கால் நீளம் ஆகியவற்றையும் குறிக்கலாம். 20 என்பது விரித்த அகலமா, 40 என்பது சுற்றளவா என்று சொல்லிவிட வேண்டும். ரவிக்கையாயின் உள்ளே பிரித்துவிடத் துணி எவ்வளவு என்பதையும் சேர்க்கலாம்.

திருப்பி எடுக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை விற்பவருக்கு உண்டு. அளந்து சொன்ன பின்னரே அந்த உரிமை நியாயமாகும்.