வண்ணப் படம் விடையாகாது

“எல்லாம் சரியா வந்திருக்கு சார்” என்று மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான் இறுதியாண்டு மாணவன். மின்மாற்றியின் எஃகுத் தொட்டியில் தூண்டப்படும் சுழல் மின்னோட்டம். சிவப்பும் மஞ்சளுமாக மார்கழிக் கோலம்போல் இருந்தது.

“வலைக்கண் என்ன அளவுப்பா?”

“10 மில்லிமீட்டர் சார்.”

கணக்கிடுவதற்காக மென்பொருள் தொட்டியைப் பிரித்துக்கொள்ளும் சிறு கூறுதான் வலைக்கண். 50 ஹெர்ட்ஸில் செம்புக்குள் மின்னோட்டம் ஊடுருவும் ஆழம் 9 மி.மீ.க்குச் சற்று மேல். சாதாரண எஃகில் ஏறக்குறைய 1 மி.மீ.தான். அந்த ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே இரண்டு மூன்று கண்களாவது வேண்டும். பெரிய கண் வலையில் நெத்திலி பிடிக்கப் போயிருக்கிறான்! மென்பொருளோ முணுமுணுக்கக்கூட இல்லை. கொடுத்ததைத் தீர்த்துக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது.

அவனைத் திட்டிப் பயனில்லை. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும்தானே சொல்லிக்கொடுத்தோம்?

விடையைச் சரிபார்க்கக் கற்றுக்கொடுக்க ‘டீம் 7’ என்றொரு சோதனைக் கணக்கு உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. 19 மி.மீ. தடிமனுள்ள அலுமினியத் தகடு, நடுவிலிருந்து விலகிய சதுரத் துளை, மேலே ஒரு கம்பிச்சுருள். 50 ஹெர்ட்ஸில் ஊடுருவல் 12 மி.மீ., 200 ஹெர்ட்ஸில் 6. துளையைச் சுற்றி ஓடும் மின்னோட்டத்தில் சில கணக்கீட்டு முறைகள் கோட்டை விட்டுவிடும். ஆனால், உண்மையாக அளந்த காந்தப்புல மதிப்புகள் அச்சில் இருக்கின்றன. ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்தச் சோதனைக் கணக்கைச் சரியாகச் செய்து காட்டாத எவருக்கும் சொந்த புராஜெக்ட் தரக்கூடாது என்பேன். சக ஆசிரியர்களே, அடுத்து யாராவது வண்ணப் படம் காட்டினால், முதலில் வலைக்கண்ணின் அளவைக் கேளுங்கள்.