நேர் முடியைச் சுருட்டலாமா? ஒரு பிள்ளை எங்களிடம் கேட்ட கேள்வி



இதை எழுதுவதா வேண்டாமா என்று கொஞ்ச நாளாக யோசித்தோம். எங்கள் பிழையும் இதில் இருப்பதால் எழுதிவிடுவதுதான் சரி என்று பட்டது.

போன மாதம் ஓ/எல் எழுதி முடித்த ஒரு மாணவி உம்மாவையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்கு வந்தாள். ஸ்டாஃப் ரூமில் நாங்கள் மூன்று ரீச்சர்மார் இருந்தோம். ஏ/எல் பாடம் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தோம்.

"ரீச்சர், என்ட முடிய பேர்ம் பண்ணலாமா? ராத்தாட நிகாஹ்வுக்கு இன்னும் மூணு கிழமைதான் இருக்கு. பெருநாள் காசு சேர்த்து வெச்சிருக்கன்."

உம்மா இடையில் வந்தார். "அல்லாஹ் தந்த முடிய மாத்துற குனா இல்லையா ரீச்சர்? ஸ்கார்ஃபுக்குள்ள இருக்கிற முடிக்கு எதுக்கு இந்தச் செலவு? நீங்க சொன்னாத்தான் கேட்பாள்."

பிள்ளையின் முடி மெல்லியது, ஈர்க்குப் போல நேரானது. ஏன் மகள் இந்த ஆசை என்று கேட்டோம். மாமி வீட்டார் "எலிவால்" என்று சிரிக்கிறார்களாம். அப்படிச் சொல்வது தவறு என்று நாங்கள் ஆரம்பிக்க, பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "எட்டாம் வகுப்பில நீங்களும்தானே ரீச்சர் அப்படிக் கூப்பிட்டீங்க."

எங்களில் யார் சொன்னோம் என்பது எங்களுக்கு ஞாபகமில்லை. அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவளுக்கு உபதேசம் செய்ய எங்களுக்கு வாய் வரவில்லை. அதனால் எங்களுக்குத் தெரிந்த விஞ்ஞானத்தை மட்டும் சொன்னோம். இதே கேள்வி இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்பதால் அதை இங்கேயும் எழுதுகிறோம்.

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கின்றன. பேர்ம் செய்யும்போது முடியை உருளைகளில் சுற்றி ஒரு மருந்து பூசுவார்கள். பெரும்பாலும் அது அமோனியம் தயோகிளைகோலேட். அந்த மருந்து கந்தகப் பிணைப்புகளில் ஒரு பகுதியை உடைக்கும். பிறகு ஹைட்ரஜன் பெரொக்சைட் சேர்ந்த இரண்டாவது மருந்து, முடி சுருண்டிருக்கும் நிலையிலேயே பிணைப்புகளைத் திரும்பச் சேர்க்கும். சுருட்டை முடியை நேராக்கும் ரீபொண்டிங்கிலும் நடப்பது இதே இரசாயனம்தான், திசை மட்டும் வேறு.

இது புதிய நாகரிகமும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியர் சூடான உருளைகளை வைத்து இதைச் செய்து காட்டினார். சூடு தேவையில்லாத முறை 1938இல் வந்தது.

ஆனால் மருந்து வேருக்குள் போவதில்லை. முடி நேராக வருவதும் சுருண்டு வருவதும் வேர்க்குழியின் அமைப்பைப் பொறுத்தது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீற்றர் அளவில் வளர்கிறது. ஆகவே சில மாதங்களில் உச்சியில் நேர் முடியும் கீழே சுருளுமாக நிற்கும். அப்போது திரும்பக் காசு கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெட்ட வேண்டும். மெல்லிய முடி சீக்கிரம் உலர்ந்து முறியும். ஏற்கெனவே ரீபொண்டிங் செய்த முடியும் பிளீச் செய்த முடியும் இதைத் தாங்குவது கஷ்டம்.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டிய இன்னொன்று மருதாணி. கடையில் விற்கும் சில பக்கெட் மருதாணிகளில் உலோக உப்புகள் கலந்திருக்கும். பேர்ம் மருந்து பட்டால் அந்த முடி சூடேறிக் கெட்டுப்போகலாம். ஆகவே தலைக்கு முன்பு என்ன பூசினீர்கள் என்பதைப் பாலரில் மறைக்காமல் சொல்லுங்கள். முதலில் ஒரு சிறு கற்றையில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது முதல் தடவையாகப் பரிசோதனை செய்யாதீர்கள்.

மார்க்க விசயத்தில் நாங்கள் ஃபத்வா கொடுப்பவர்கள் இல்லை. ஹதீஸில் தெளிவாகத் தடுக்கப்பட்டிருப்பது வேறு முடியை எடுத்து ஒட்டுமுடியாகச் சேர்ப்பது. சொந்த முடியைச் சுருட்டுவது அதிலிருந்து வேறுபட்ட கேள்வி. அதை ஆலிமிடம் கேளுங்கள், வாயில் வந்தபடி ஹராம் என்று பிள்ளையை விரட்ட வேண்டாம். பேர்ம் செய்தால் இரண்டு நாள் தலையைக் கழுவ வேண்டாம் என்று பாலரில் சொல்வார்கள். வுழூவில் ஈரக்கையால் மஸ்ஹு செய்வதோடு தலை முடிந்துவிடும். கடமையான குளிப்பு அப்படியில்லை. பெண் பிள்ளைகள் அதையும் பார்த்தே நாள் குறிக்க வேண்டும்.

உம்மாவின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஸ்கார்ஃபுக்குள் இருக்கும் முடிக்கு எதற்கு? வீட்டில், பெண்கள் கூடும் இடத்தில், தன் கண்ணாடிக்கு முன்னால் அந்த முடி அவளுடையது. மறைப்பதால் அவளுக்கு அதில் ஆசை இருக்கக் கூடாது என்றில்லை. அவளுடைய நானா சலூனில் போய் முடியைச் சுருட்டிக்கொண்டு வந்தபோது வீட்டில் சிரித்துவிட்டு விட்டார்களாம். தங்கைக்கு மட்டும் ஏன் விசாரணை?

ஆகவே எங்கள் கருத்து இது. விவரம் தெரிந்து, தன் விருப்பத்தில் ஒரு பிள்ளை கேட்டால் அதைப் பெரிய குற்றமாக்க வேண்டாம். ஆனால் யாரோ சொன்ன சொல்லுக்குப் பயந்து செய்வதாக இருந்தால், கொஞ்சம் நில்லுங்கள். நேர் முடிக்காரி சுருட்டப் போகிறாள், சுருட்டை முடிக்காரி நேராக்கப் போகிறாள். பல நேரம் இரண்டு பேரிடமும் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல் ஆறு மாதத்தில் வளர்ந்து கழிகிற சாமான் இல்லை.

அவளுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தோம். இரவில் இலேசான ஈரத்தோடு முடியைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னி, காலையில் நன்றாகக் காய்ந்த பிறகு அவிழ். நீர் பட்டால் முடியின் ஐதரசன் பிணைப்புகள் விடும், காயும்போது பின்னலின் வடிவத்தில் திரும்பப் பிடிக்கும். அடுத்த குளிப்போடு போய்விடும், காசும் இல்லை. நிகாஹ்வுக்கு அப்படிப் போ. சுருள் முடியோடு இருக்க உனக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடு என்றோம். அந்தப் பெயருக்காக மன்னிப்பும் கேட்டோம். அவள் ஒன்றும் பேசவில்லை, கண் மட்டும் கலங்கியது.

நிகாஹ் முடிந்து வந்து கதை சொன்னாள். சுருள் சுருளாக முடியை விட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் நின்றாளாம். அதே மாமி பார்த்துவிட்டு, "என்ன புள்ள, குருவிக்கூடு மாதிரி" என்றாராம்.

"எப்படிப் போனாலும் சொல்லத்தான் போறாங்க ரீச்சர். எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஏ/எல் முடிய செய்வன், இல்லாட்டி விடுவன். அதை நான் பார்த்துக்கிறன்" என்று சிரித்தாள். உம்மாவும் சரி என்றுவிட்டார்.

பெற்றோரே, மாமிமாரே, எங்கள் ஆசிரியத் தோழர்களே! பிள்ளைகளின் முடிக்கும் நிறத்துக்கும் உடம்புக்கும் பட்டப்பெயர் வைப்பதை நிறுத்துவோம். நாங்கள் எங்கள் ஸ்டாஃப் ரூமிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம். எங்கள் வாயில் அப்படி ஒரு சொல் வரக் கேட்டால், அந்த இடத்திலேயே சொல்லித் திருத்துங்கள்.