சட்டைப்பைக் கத்தியும் சந்தையின் பொய்யும்

ஆங்கிலேயர் ‘ஸ்போட்ஸ்மன்’ என்னும் சொல்லால் மைதானத்திற் பந்தாடுபவனை மட்டும் குறிப்பதில்லை. காட்டில் வேட்டையாடுபவன், ஆற்றில் தூண்டிலிடுபவன், மலையேறுபவன், வெட்டவெளியிற் கூடாரமடித்துத் தங்குபவன் ஆகிய யாவரும் அச்சொல்லுள் அடங்குவர். பிழைப்பின் பொருட்டன்றி ஓய்வின் பொருட்டுக் காட்டையும் நீரையும் நாடும் இத்தகையோர் சட்டைப்பையில் ஒரு மடக்குக்கத்தியை வைத்திருப்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நெடுங்கால வழக்கம். அவ்வழக்கத்தைச் சுற்றி இன்று பெரியதொரு வாணிகம் எழுந்துள்ளது. ஆண்டுதோறும் புதிய கத்திகள், புதிய உருக்குகள், புதிய பூட்டுகள், புதிய பெயர்கள் சந்தைக்கு வருகின்றன. இவை பழைய கத்திகளிலும் நன்றாக வெட்டுகின்றனவா என்று வினவின், பெரும்பாலும் இல்லை என்பதே நேர்மையான விடையாகும். அதனினும் பாரதூரமான உண்மை ஒன்றுண்டு. வெட்டுங்கருவி ஒன்றினை வீரத்தின் சின்னமாகவும் அச்சத்தின் மருந்தாகவும் விற்கும் இவ்வாணிகம், அக்கருவியை எளிய மனிதனின் கையினின்றும் பறிக்கும் நிலையைத் தானே தோற்றுவித்து வருகின்றது.

மடக்குக்கத்தியின் வரலாற்றை நோக்குமிடத்து, சிறந்த படைப்புகள் யாவும் ஒரு தேவையிலிருந்தே பிறந்தன என்பது தெளிவாகும். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890 ஆம் ஆண்டில் உருவாக்கிய கத்தி உழவருக்கானது. ஒரு மரப்பிடி, ஒரு மெல்லிய அலகு, இரண்டையும் இணைக்கும் ஓர் ஆணி: இவையே அதன் முதன்மை உறுப்புகள். அலகு மடிந்து விரலை வெட்டாதிருக்கும் பொருட்டு 1955 இல் ஒரு வளையம் சேர்க்கப்பட்டது. சுவிற்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1891 முதல் இராணுவத்துக்குக் கத்தி வழங்கலானார். தகரத்திலடைத்த உணவைத் திறப்பதும் புதிய துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டுவதுமே அக்கத்திக்கு விதிக்கப்பட்ட பணிகள். 1897 இல் அவர் பதிவுசெய்த இலகுவான கத்தி ‘அதிகாரிகளுக்கும் விளையாட்டாளர்க்குமான கத்தி’ எனப் பெயர் பெற்றது. அதனை இராணுவம் வழங்கவில்லை. அதிகாரிகள் தம் பணத்திலேயே வாங்கினர். கட்டளையின்றியும் விரும்பி வாங்கப்பட்டமையே அதன் பயனுக்குச் சான்று.

புதுமை யாவும் தீது என்பது இங்கு வாதமன்று. 1964 அளவில் அமெரிக்காவின் பக் நிறுவனம் வெளியிட்ட பூட்டுடைய வேட்டைக்கத்தி, உறையிலிடும் நெடுங்கத்தியின் உறுதியை மடக்குக்கத்திக்கு வழங்கியது. 1981 இல் ஸ்பைடெர்கோ நிறுவனம் அலகில் ஒரு வட்டத்துளையிட்டு ஒற்றைக்கையாற் கத்தியை விரிக்க வழிசெய்தது. மறுகையில் கயிற்றைப் பற்றி நிற்கும் மலையேறுபவனுக்கு அது மெய்யான உதவி. டிம் லெதர்மன் 1975 இல் ஒரு பழைய காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, தம் கத்தியோடு ஒரு குறடும் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று எண்ணினார். அவ்வெண்ணம் விற்பனைப் பொருளாக 1983 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இவை ஒவ்வொன்றிலும் தேவை முன்னே நின்றது. பண்டம் பின்னே வந்தது. இன்றைய சந்தையில் இவ்வொழுங்கு தலைகீழாகிவிட்டது. பண்டம் முன்னே வருகின்றது. அதற்கேற்ற தேவையை விளம்பரம் பின்னர்க் கற்பிக்கின்றது.

இக்கற்பித்தலின் முதற்கருவி உருக்கின் பெயராகும். துகள் உலோகவியல் முறையில் ஆக்கப்படும் உயர்ந்த உருக்குகள் இன்று மதிப்பின் அளவுகோல்களாகிவிட்டன. 2001 இல் வெளிவந்த எஸ்30வி என்னும் உருக்கு கத்திகளுக்கென்றே வகுக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 1.45 வீதம் காபனும், 14 வீதம் குரோமியமும், 4 வீதம் வனேடியமும் உள்ளன. வனேடியமும் காபனும் கூடி உண்டாக்கும் நுண்மணிகள் மிகக் கடினமானவை. அவற்றால் கூர் நெடுநாள் நிலைக்கும் என்பது மெய்யே. ஆனால் மறுபக்கத்தை விற்பவர் உரத்துச் சொல்வதில்லை. அந்நுண்மணிகள் சாதாரண சாணைக்கல்லின் துகளினுங் கடினமானவை. எனவே அலகு ஒருமுறை நன்கு மழுங்கிவிடின், அதனைத் தீட்ட வைரத்துகள் பதித்த தகடு வேண்டும். காட்டின் நடுவே நிற்பவனிடம் அது இல்லாவிடின், விலையுயர்ந்த உருக்கு வெறுந்தகடாகவே அவன் கையில் இருக்கும். எளிய காபன் உருக்கோ ஆற்றோரத்து மென்கல்லிலும் ஓரளவு கூர்பெறும்.

மேலும், வெட்டுவது உருக்கின் பெயரன்று. அலகின் வடிவமே வெட்டுகின்றது. ஒப்பினெல்லின் எட்டாம் இலக்கக் கத்தியின் அலகு இரண்டு மில்லிமீற்றருக்குங் குறைந்த தடிப்புடையது. விளிம்பை நோக்கிச் செல்லச்செல்ல மேலும் மெலிவது. அப்பிளையும் பாண் துண்டையும் அது வழுக்கிக்கொண்டு வெட்டும். ‘எதனையும் தாங்கும்’ என்று விற்கப்படும் புதிய கத்திகளிற் பல இதனிலும் இருமடங்கு தடிப்புடையன. அவை அப்பிளை வெட்டுவதில்லை, ஆப்புப்போற் பிளக்கின்றன. தைற்றேனியப் பிடியும் அரிய உருக்கும் கொண்டு ஒப்பினெல்லைப்போல இருபது மடங்கு விலைபெறும் கத்திகளும் உள. இருபது மடங்கு விலை கொடுத்தவனுக்கு இருபது மடங்கு வெட்டு கிடைப்பதில்லை என்பதை அறிய உலோகவியல் கற்க வேண்டியதில்லை. ஓர் உருளைக்கிழங்கே போதும்.

உப்புநீரில் மீன்பிடிப்பவனுக்குத் துருவேறா உருக்கு வேண்டாவோ எனச் சிலர் கேட்பர். கட்டாயம் வேண்டும். 2021 இல் அறிமுகமான மக்னாகட் போன்ற உருக்குகள், துருவெதிர்ப்பையும் முறிவெதிர்ப்பையும் ஒருசேரத் தர முயன்ற அறிஞரின் உழைப்பால் விளைந்தவை; அவ்வுழைப்பு மதிக்கத்தக்கது. கண்டனம் உலோகவியலாளர்மீதன்று. அவர்தம் விடையை, அவ்வினாவையே கேளாத ஒருவனுக்கு விற்கும் வணிகர்மீதே. அலுவலகத்திற் கடிதவுறை பிரிப்பவனுக்குக் கடலின் உப்பைக் காட்டி விலை உயர்த்துவது வாணிகமே அன்றி விஞ்ஞானமன்று.

உருக்கின் பெயர் பெருமையை விற்க, படங்களும் சொற்களும் அச்சத்தை விற்கின்றன. 1982 இல் வெளிவந்த ‘ஃபெர்ஸ்ட் பிளட்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில் நாயகன் ஏந்திய பெருங்கத்தி, உலகெங்கும் போலிகள் பெருகக் காரணமாயிற்று. தீக்குச்சியும் தூண்டில் முள்ளும் வைக்கத்தக்க குழாய்ப்பிடி அவற்றின் கவர்ச்சி. அலகின் வால் பிடியினூடே முழுநீளத்துக்குஞ் செல்லாமையால், மலிவான போலிகள் பிடியும் அலகும் சேருமிடத்தில் எளிதில் முறிந்தன. உயிர்காக்கும் கத்தி என விற்கப்பட்டது விறகு பிளக்கவும் ஆற்றாதாயிற்று. அப்படத்தின் நிழல் இன்றும் நீங்கவில்லை. கறுப்பு மெருகு, போர்க்களப் பெயர்கள், ‘தந்திரோபாயக் கத்தி’ என்னும் அடைமொழி ஆகியன மீன் கழுவுபவனைப் போர்வீரனாகக் கற்பனை செய்ய வைக்கின்றன.

உயிர்காத்த கத்தி ஒன்றின் உண்மைக் கதை உலகறிந்தது. 2003 ஏப்பிரலில் அமெரிக்காவின் யூற்றா மாநிலத்து மலையிடுக்கொன்றில் ஆரன் ரால்ஸ்ரன் என்னும் மலையேறுபவரின் வலக்கை பெரும்பாறையில் அகப்பட்டுக்கொண்டது. ஐந்து நாட்களுக்கு மேல் அவ்விடத்தே கிடந்து, ஈற்றில் தம் கையைத் தாமே வெட்டி மீண்டார். அவரிடம் இருந்தது மலிவான பல்பயன் கருவி ஒன்று. பாறையைச் சுரண்ட முயன்றதில் அதன் கூரும் மழுங்கியிருந்தது. இந்நிகழ்ச்சியை விலையுயர்ந்த கத்திக்கு விளம்பரமாக்குவோர் அதன் சாரத்தை மறைக்கின்றனர். அவர் தாம் செல்லுமிடத்தை எவரிடமும் கூறாது சென்றிருந்தார். ஆகவே தேடுவோர்க்கு இடம் தெரியவில்லை. புறப்படுமுன் ஒருவரிடம் சொல்லிய ஒரு சொல், எந்த உருக்கினும் மேலான பாதுகாப்பாயிருந்திருக்கும். சொல்லுக்கு விலையில்லை; எனவே அதனை எவரும் விளம்பரம் செய்வதில்லை.

கருவியை ஆயுதமாக அலங்கரித்ததன் விளைவு என்ன? சட்டம் அதனை ஆயுதமாகவே நோக்கத் தொடங்கியது. விசையை அழுத்த அலகு தெறித்து விரியும் வில்லுக்கத்திகளை 1958 இல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமும் 1959 இல் பிரித்தானியச் சட்டமும் கட்டுப்படுத்தின. பிரித்தானியாவின் 1988 ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம், மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்திக்கு மட்டுமே பொதுவிடத்தில் விலக்களித்தது. விரித்தபின் பூட்டிக்கொள்ளும் கத்தி அவ்விலக்கினுள் அடங்காதென நீதிமன்றங்கள் பொருள்கொண்டன. விரலைக் காக்கவென அமைந்த பூட்டே கத்தியை ஐயத்துக்குரியதாக்கிற்று. 2024 செப்ரெம்பரில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ‘சொம்பிக் கத்திகள்’ எனப்படும் கோரவடிவக் கத்திகள் தடைசெய்யப்பட்டன. அதே ஆண்டில் விக்டோரினொக்ஸ் நிறுவனத்தின் தலைவர், கத்திச் சட்டங்கள் பல நாடுகளில் இறுகிவருவதைச் சுட்டி, அலகே இல்லாத சட்டைப்பைக் கருவியொன்றைத் தம் நிறுவனம் வடிவமைத்து வருவதாகக் கூறினார். கத்தியில்லாக் கத்தி! நூற்றாண்டுக்கு மேற்பட்ட தொழிலொன்றின் தலைவர் இவ்வாறு கூறநேர்ந்தமை நகைப்புக்குரியதன்று, எச்சரிக்கைக்குரியது.

இளைஞர் வீதியில் குத்துண்டு மாள்வதற்குச் சட்டைப்பைக் கத்தியைக் குறைகூறுவது நீதியன்று என வணிகர் வாதிடுவர். பிரித்தானியக் குத்துக்கொலைகளிற் பல சமையற் கத்திகளாலேயே நிகழ்ந்தன என்பதும் உண்மையே. வறுமையும் வேலையின்மையும் கைவிடப்பட்ட நகர்ப்புறங்களும் அக்கொலைகளின் வேர்கள் எனலாம். ஆயினும் சமையற் கத்தியை எவரும் இரத்தச்சிவப்புப் படமிட்டுப் போர்ப்பெயர் சூட்டி விற்பதில்லை. அவ்வாறு விற்கும் துறை, தன் பண்டத்தைச் சட்டம் தவறாகப் புரிந்துகொண்டதென முறையிடும் தகுதியைத் தானே இழந்துவிட்டது. தண்டனை அனுபவிப்பவனோ அவ்விளம்பரத்தை எழுதியவனல்லன். தூண்டிற்கயிறு அறுக்கக் கத்தி வைத்திருந்த எளியவனே.

இச்சந்தையின் இன்னொரு பொய் ஈழத்தையும் தமிழகத்தையும் நேரே தொடுகின்றது. அலையலையான கோலமுடைய அலகுகளை ‘டமாஸ்கஸ்’ என்று பெயரிட்டு விற்பது இன்றைய வழக்கம். அவற்றிற் பெரும்பாலன இருவகை உருக்குத் தகடுகளை அடுக்கிக் காய்ச்சி அடித்து, அமிலத்திலிட்டுக் கோலம் வெளிப்படுத்தியவை. பில் மொரான் என்னும் அமெரிக்கக் கொல்லர் 1973 இல் இத்தகைய கத்திகளைக் காட்சிக்கு வைத்தபின் இப்பெயர் அங்கு பரவலாயிற்று. வரலாற்றுப் புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்கள் இவையல்ல. அவை மூசையில் உருக்கிய உயர்காபன் உருக்குக் கட்டிகளிலிருந்து அடிக்கப்பட்டவை. அக்கட்டிகள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆக்கப்பட்டு மேற்றிசை சென்றன. ‘வூட்ஸ்’ என்னும் ஐரோப்பிய வழக்குச் சொல், கன்னட ‘உக்கு’, தமிழ் ‘உருக்கு’ ஆகியவற்றோடு உறவுடையதென்பர். கொங்குநாட்டுக் கொடுமணலில் பண்டை இரும்புத் தொழிலின் எச்சங்கள் கிடைத்துள்ளன. ஒன்பதாம் நூற்றாண்டு அறிஞர் அல்கிந்தி தம் வாள்நூலிற் செரண்டிப் வாள்களைக் குறித்தார். சமனலவெவவில் மலைச்சரிவிற் பருவக்காற்றைக்கொண்டே உலையூதி உயர்காபன் உருக்கு ஆக்கிய திறத்தை ஜில் ஜுலெவ் 1996 இல் உலகறியச் செய்தார். அவ்வுலைகள் ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையானவை. மைக்கல் பரடே 1819 இல் ஆராய்ந்ததும் இந்த வூட்ஸ் உருக்கையே.

இத்தனை கொல்லர்தம் உழைப்பும் ஒரு வணிகச் சொல்லினுள் மறைக்கப்பட்டு, சந்தை பெற்ற நகரின் பெயரே நிலைத்தது. உழைத்தவன் பெயரழிய விற்றவன் பெயர் வாழ்வது பண்டப் பொருளாதாரத்தின் பழைய இயல்பு. இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய ஆனந்த குமாரசுவாமி, 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலிற் கைவினைஞரின் தொழில்களை விரிவாகப் பதிந்தார். ஆலைப்பொருள் பெருக, செய்வோனின் அறிவு மங்கும் என்பது அவர்தம் கவலை. ஒரு வேறுபாடு மட்டும் இன்று சேர்ந்துள்ளது: பயன்படுத்துவோனின் அறிவும் உடன் மங்குகின்றது. தன் கத்தியைத் தானே தீட்டத் தெரியாதவன் அதன் உரிமையாளனல்லன், வாடிக்கையாளன் மட்டுமே.

அழகிய கத்தியைச் சேகரித்து மகிழ்வோரின் உரிமை மறுக்கப்படுவதற்கில்லை. கைவினைஞன் ஒருவன் மாதக்கணக்கில் உழைத்துச் செதுக்கிய பிடிக்குக் கலைப்பொருளின் விலை தகும். அதனைக் கலை என்று கூறி விற்கட்டும். காட்டுக்குச் செல்வோனின் இன்றியமையாக் கருவி என்று கூறி விற்பதே பொய்.

ஆகவே வேட்டைக்காரனும் மீன்பிடிப்பவனும் மலையேறுபவனும் கடைக்காரனிடம் கேட்கத்தக்க வினாக்கள் நான்கே. இவ்வலகு மெல்லியதா? இதனை எளிய கல்லில் தீட்டலாமா? கழற்றித் துடைத்துப் பழுதுபார்க்கலாமா? இதன் விளம்பரம் செய்யும் வேலையைக் கூறுகின்றதா, செய்யாத வீரத்தைக் கூறுகின்றதா? இவற்றுக்கு விடைதரும் கத்தி மலிவானதாயினும் வாங்கத்தக்கது. விடைதராதது எவ்வளவு புதியதாயினும் ஒதுக்கத்தக்கது. கருவியைக் கருவியாகவே செய்து, கருவியாகவே விற்று, கருவியாகவே பயன்படுத்தும் சமுதாயத்தில் மட்டுமே ஒரு சிறு கத்தி அச்சமின்றிச் சட்டைப்பையில் இருக்க முடியும்.