சனிக்கிழமை வாசனை

‘‘அத்தான், வர்றப்ப முறுக்கு வேணாம். உங்க மூக்கைக் கொண்டு வாங்க, போதும்!’’ என்றான் மச்சினன், போனில்.

அவன் இருப்பது இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்து ஆபிங்டனில். எம்.ஜி.பி. என்கிற ஸ்போர்ட்ஸ் காரை 1962-லிருந்து 1980 வரை தயாரித்த ஊர். அங்கே குடியேறிய தோஷம், 1970 மாடல் ஒன்றை வாங்கி கராஜில் நிறுத்திவிட்டான். நமக்கும் அது ஒருவகையில் உறவுதான். அதன் 1798 சி.சி. இன்ஜினும், நம்ம அம்பாசடரில் பல வருஷம் ஓடிய 1489 சி.சி. இன்ஜினும் பி.எம்.சி.யின் ஒரே ‘பி’ சீரிஸ் குடும்பம். வயதில் தம்பி, சைஸில் அண்ணன்.

பிரச்னை, கராஜில் பெட்ரோல் நாற்றம். அதே கராஜில் கேஸ் பாய்லர் இருக்கிறது. சுவரை ஒட்டிய ரூமில் குழந்தை தூங்குகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். பறந்து போய்த் தொலையாது. தரையோடு படுத்துக்கொண்டு ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

‘‘வித்துடச் சொல்லுங்கண்ணா, காரை. இல்லேன்னா நான் குழந்தையோட ஊருக்கு வந்துடறேன்’’ என்றாள் அவன் மனைவி. குரலில் விளையாட்டில்லை.

முதல் வேலையாகக் காரைத் தெருவுக்குத் தள்ளினோம். மச்சினன் அதற்குள் இரண்டு கார்ப்பரேட்டரையும் பிரித்து, மிதவை ஊசிகளைப் புதுசாகப் போட்டிருந்தான். ஊசி சரியாக அடைக்காவிட்டால் பெட்ரோல் பொங்கி வழியும். (பழைய பைக் வைத்திருப்பவர்களே, பெட்ரோல் டேப்பை மூடாமல் விட்டுவிட்டு ராத்திரி முழுக்க அவஸ்தைப்பட்டிருப்பீர்களே, அதே கதை.) ஆனால் நாற்றம் போகவில்லை.

இந்தக் காரில் ஒரு சௌகரியம், பின்பக்கம் எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப். வியாதியை அதுவே வாய்விட்டுச் சொல்லும். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பினால் ‘டிக் டிக் டிக்’ என்று அடிக்கும். கார்ப்பரேட்டர் நிறைந்ததும் வாயை மூடிக்கொள்ளும். மூடாமல் அடித்துக்கொண்டே இருந்தால், பெட்ரோல் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது, அல்லது காற்று உள்ளே புகுகிறது என்று அர்த்தம்.

திருப்பினோம். ஏழெட்டு டிக். அப்புறம் நிசப்தம். ஐந்து நிமிஷம் காத்திருந்தும் ஒரு டிக்கூட இல்லை. ஆக, பம்ப்பிலிருந்து முன்பக்கம் வரை சுத்தம். அவன் மாற்றிய ஊசிகள் தண்டம்!

நான் நேரே சமையலறைக்குப் போனேன். ‘‘ஏம்மா, தினமுமா நாறுது?’’

‘‘இல்லண்ணா. சனி, ஞாயிறுதான் தாங்க முடியாது. புதன்கிழமைக்கு மேல இருக்காது.’’

‘‘டேய், நீ பெட்ரோல் என்னிக்குப் போடறே?’’

‘‘சனிக்கிழமை. ஃபுல் டேங்க்...’’ என்றவன் பாதியில் நிறுத்தினான்.

பெட்ரோல் உயரத்தில் இருக்கும்போது மட்டும் ஒழுகினால், ஓட்டையும் உயரத்தில்தான் இருக்கவேண்டும். ஒன்று, பெட்ரோல் ஊற்றும் குழாயை டேங்க்கோடு சேர்க்கும் ரப்பர். அல்லது டேங்க்கின் மேல்தகடு. இந்தக் காரில் டேங்க், டிக்கிக்கு அடியில் தொங்குகிறது. நடுவே உள்ள இடுக்கில் மண்ணும் ஈரமும் அரை நூற்றாண்டாகக் குடித்தனம். கீழே படுத்துப் பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும்.

பேட்டரியைக் கழற்றி, வெட்டவெளியில் பெட்ரோலை வடித்து, டேங்க்கை இறக்கினோம். மேல்தகடு ஊசி குத்தின சல்லடை. ரப்பரும் விரலால் வளைத்ததும் வெடிப்பு விட்டது. 2021-லிருந்து அங்கே பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது. நம் ஊரில் 20 சதவீதம் வந்துவிட்டது, தாத்தா காலத்து வண்டி வைத்திருப்பவர்கள் ஹோஸைக் கொஞ்சம் வளைத்துப் பாருங்கள்.

‘‘ஓட்டையைப் பத்த வெச்சுடலாமா அத்தான்?’’

‘‘ஏன், எல்லாரும் சேர்ந்து போறதுக்கா?’’ காலி டேங்க் என்பது ஆவி நிறைந்த டேங்க். நிறைந்த டேங்க்கைவிட மோசம். புது டேங்க், எத்தனால் தாங்குகிற புது ஹோஸ் எல்லாம் வாங்க வைத்தேன். முனகிக்கொண்டே பணம் கட்டினான்.

அடுத்த சனிக்கிழமை. ஃபுல் டேங்க். கராஜ் கதவைச் சாத்திவிட்டு, நானும் அவனும் அவன் மனைவியும் உள்ளே நின்று மோந்து மோந்து பார்த்தோம். கால் மணி நேரம். ஒன்றுமில்லை.

திடீரென்று அவள், ‘‘ஐயோ, என்னமோ தீயற வாசனை!’’ என்றாள்.

மச்சினன் முகம் வெளிறி காருக்கடியில் பாய்ந்தான். நான் சமையலறைக்கு ஓடினேன். சாம்பார் அடிப்பிடித்திருந்தது.