கன்றுக்குக் கடன் கொடுப்பாருண்டோ?

தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரிந்த கணக்கு ஒன்றுண்டு. ரப்பர்க் கன்றை நட்ட மறுநாளே யாரும் உளியைத் தூக்கிக்கொண்டு பால் வெட்டப் போவதில்லை. ஐந்து, ஆறு, சில இடங்களில் ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். களை எடுக்க வேண்டும், உரமிட வேண்டும். அத்தனை ஆண்டும் மரம் ஒரு சொட்டுப் பால் தராது. அதனாலன்றோ இந்நாட்டில் 1952-ஆம் ஆண்டில் மறுநடவு நிதிக்கென்று ஒரு சட்டமே செய்தார்கள்! ஏற்றுமதியாகும் ரப்பரின் மீது ‘செஸ்’ என்னும் வரி பிடித்து, பழைய மரத்தை வெட்டிப் புதுமரம் நடுவோருக்கு அந்தப் பணத்தை மானியமாகக் கொடுத்தார்கள். கடனாக அன்று, மானியமாக. நாளை பால் வந்தால் நாட்டுக்கே வருமானம் என்பதுதான் அதன் நியாயம்.

மரத்துக்குச் சொன்ன இந்த நியாயத்தை, நோயாளியின் தலைமாட்டில் நிற்கும் தாதிக்கும் ஏன் முழுமையாகச் சொல்லக்கூடாது என்பதே நமது கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தோட்டத்தில் நடந்ததைச் சொல்லுகிறோம். பால்வெட்டுத் தொழிலாளர் ஒருவர் ஒரு மாலை வேளையில் தம் மகளை அழைத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். “கிராணியாரே, இந்தத் தாளைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க” என்றார். பெண் எஸ்.பி.எம். தேர்வில் நன்றாகத் தேறியவள். தாதிப் பயிற்சிக்காக அரசாங்கக் கல்லூரிக்கு மனுச் செய்தாள், இடம் கிடைக்கவில்லை. கையிலிருந்தது ஒரு தனியார் கல்லூரியின் கட்டண விவரம். வரிவரியாகப் படித்துச் சொன்னோம். மூன்றாண்டுப் படிப்புக் கட்டணம், விடுதி, சீருடை, புத்தகம், பரீட்சைக் கட்டணம் என்று பட்டியல் நீண்டது. கடன் வாங்க வழியுண்டு என்று கடைசி வரியில் அச்சிட்டிருந்தார்கள்.

“கடனை எப்பக் கட்டத் தொடங்கணும்?” என்று கேட்டார். படிப்பு முடிந்த பிறகு என்றோம்.

“மூணு வருசம் அவ சம்பாத்தியம் வீட்டுக்கு இல்ல. அதுக்கப்புறம் அவ சம்பாத்தியம் கடனுக்கு. அப்ப நாங்க என்ன செய்யிறது?” என்றார்.

அவர் மனைவி முழங்கால் வலியால் மரத்துக்குப் போவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கீழே இன்னும் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தனர். செக்ரோல் எழுதும் நமக்கு அந்த வீட்டின் வருமானம் காசு பிசகாமல் தெரியும். ஆகவே நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண் இன்று பட்டணத்துக் கடையொன்றில் பணம் வாங்கும் மேசையில் நிற்கிறாள். அது இழிவான வேலையன்று. ஆனால் தாதியாக வர விரும்பியவளை, வரத் தகுதியும் பெற்றிருந்தவளை நாடு இழந்துவிட்டது.

இவ்வாறு இழக்கும் நிலையில் உலகம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023-இல் உலகெங்கும் இருந்த தாதியர் 2 கோடியே 98 இலட்சம். மேலும் 58 இலட்சம் பேர் தேவைப்பட்டனர். தாதியருள் ஏழு பேருக்கு ஒருவர் தாம் வேலை செய்யும் நாட்டில் பிறந்தவரல்லர். அதாவது, பணமுள்ள நாடு மற்ற நாட்டில் பயின்ற கைகளை வாங்கிக்கொள்ளுகிறது. நம் நாட்டுத் தாதியர் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போவதை நாமறிவோம். சிங்கப்பூர் அரசாங்கம் 2024-இல் ஒரு திட்டம் அறிவித்தது. பொது மருத்துவத் துறையில் நீடித்து உழைக்கும் தாதிக்கு 20 ஆண்டுகளில் 1 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை கிடைக்கும் என்றது. போகிறவர்களை நாம் குறை கூறோம். கூலி உள்ள இடம் நாடிக் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகள்தாமே நாம்!

தாதிக் கல்வியைக் கடனுக்கு விட்டால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து பார்த்துவிட்டது. நம் பாட்டிமார் காலத்தில் மலாயாவிலிருந்து பெண்கள் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளுக்குத் தாதிப் பயிற்சிக்குப் போனார்கள். அன்று பயிற்சிக் காலத்திலேயே படி கொடுத்தார்கள். வார்டில் உழைத்துக்கொண்டே கற்றார்கள். பிற்காலத்திலும் தாதி மாணவருக்கு உபகாரச் சம்பளம் இருந்துவந்தது. 2017 ஆகஸ்டு முதல் புதிதாகச் சேருவோருக்கு அதை நிறுத்தினார்கள். ஆண்டுக்கு 9,250 பவுன் வரையான கட்டணத்தையும் மாணவர் தலையில் கடனாக ஏற்றினார்கள். இதனால் 2020-க்குள் 10,000 பயிற்சி இடங்கள் கூடும் என்று அரசாங்கம் கூறியது.

நடந்ததென்ன? 2017 ஜனவரியில் விண்ணப்பக் கெடு முடிந்தபோது, இங்கிலாந்திலிருந்து மனுச் செய்தோர் முந்திய ஆண்டைவிட 23 விழுக்காடு குறைந்திருந்தனர். அதிகமாகப் பின்வாங்கியவர்கள் 25 வயதைத் தாண்டியவர்கள். குடும்பச் சுமை உள்ளவர்கள். 2019-இல் அந்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஏறத்தாழ 40,000 தாதியர் இடங்கள் காலியாகக் கிடந்தன. முடிவில் 2020 செப்டம்பர் முதல், திருப்பித் தரவேண்டாத உதவியாக ஆண்டுக்குக் குறைந்தது 5,000 பவுன் கொடுக்க இறங்கி வந்தார்கள். ஆயினும் கட்டணக் கடன் நீங்கவில்லை. பக்கத்திலுள்ள ஸ்காட்லாந்தும் வேல்ஸும் உபகாரச் சம்பளத்தை நிறுத்தவேயில்லை. வேல்ஸ் ஒரே ஒரு நிபந்தனை விதித்தது: படித்து முடித்தபின் இரண்டாண்டு அங்கேயே வேலை செய்ய வேண்டும்.

“பொதுப்பணத்தில் படித்துவிட்டு வெளிநாட்டுக்கு ஓடிவிட்டால்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வியே. ஓட்டை மங்கில் பால் பிடிக்க முடியாது என்பது நமக்குத் தெரியாததன்று. ஆனால் ஓட்டையை அடைப்பது சம்பளமும், வேலை நேரமும், மரியாதையுமே. மாணவியின் கடன் அன்று. கடன் கழுத்தை நெரிக்கும் தாதிதான் அதிகச் சம்பளம் தேடி முதலில் எல்லை தாண்டுவாள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டில் தனியார் தாதிக் கல்லூரிகள் பெருகின. கடன் வாங்கிப் படித்து வெளிவந்தவர்களில் பலர் வேலையின்றி நின்றார்கள். ஆகவே பணத்தை அள்ளி வீசினால் போதும் என்று நாம் கூறவில்லை. இடம், ஆசிரியர், பயிற்சி பெற வார்டு, முடிவில் வேலை, இவை நான்கும் ஒரே திட்டத்தில் அடங்க வேண்டும்.

நாம் கேட்பன இவை:

அரசாங்கப் பயிற்சிக் கல்லூரிகளில் இடங்களையும் ஆசிரியர்களையும் பெருக்க வேண்டும். மூன்றாண்டும் கட்டணமின்றிக் கற்பித்து, மாதந்தோறும் வாழ்வதற்குப் போதுமான படி கொடுக்க வேண்டும். 2025 பிப்ரவரி முதல் நம் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளத்தில் ஓடும் வீட்டால் பட்டணத்திலுள்ள மகளுக்குத் தனிச் செலவு செய்ய இயலாது.

படித்து முடித்தவளுக்கு வேலை நிச்சயம் வேண்டும். அவளும் குறித்த காலம் நாட்டுக்கு உழைக்க ஒப்ப வேண்டும். இந்த ஒப்பந்தம் இரு பக்கமும் கட்டுப்படுத்துவதாக இருக்கட்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்றால், ரப்பருக்குச் செய்ததையே செய்க. தனியார் ஆஸ்பத்திரிகளும் பயின்ற தாதியரால்தான் இலாபம் காண்கின்றன. அவற்றிடமிருந்து ஒரு செஸ் பிடித்துத் தாதிப் பயிற்சி நிதியில் சேர்க்கட்டும். பால் எடுப்பவன் மறுநடவுக்கும் கொடுப்பதே முறை.

நம் பங்கும் உண்டு, தோழர்களே! இரவு வேலை பெண்ணுக்கு ஆகாது என்று மகளைத் தடுக்கும் தகப்பன்மார் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அதிகாலை இருட்டில் மனைவியை மரத்துக்கு அனுப்பியவர்கள் இதைச் சொல்லலாமா? கிராணிமாரே, அரசாங்கக் கல்லூரிகளின் மனுக் கெடுவைத் தெரிந்துகொண்டு பிரட்டுக் களத்திலேயே அறிவியுங்கள். கிளைக் கமிட்டிகள் இக்கோரிக்கையைத் தீர்மானமாக எழுதி, தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பட்டும்.

அடுத்த முறை ஒரு தகப்பன் தாளும் கையுமாக ஆபீசுக்கு வரும்போது, “அம்மா, நீ போய்ப் படி, வீட்டை அப்பா பார்த்துக்கொள்வார்” என்று சொல்லும் நிலையில் நாம் இருக்க வேண்டும். நமது கோரிக்கை அதற்காகவே.