33ஆம் பிரிவும் தோட்டத்து ரோட்டும்

மழைக்காலத்தில் தோட்டத்து ரோடு எப்படி இருக்கும் என்று இந்தப் பத்திரிகையை வாசிக்கும் எவருக்கும் நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பெரிய ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மேற்பிரிவுக்கு ஏறும் பிள்ளைகளை நாம் தினமும் பார்க்கிறோம். இராத்திரியில் பிரசவ வலி வந்தால் ஆட்டோக்காரர் சந்தியிலேயே நின்றுவிடுகிறார். அவர்மேல் குற்றமில்லை, அதற்குமேல் வந்தால் அவருடைய வண்டி திரும்பிப் போகாது. கம்பளியை விரித்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கிய கதை இல்லாத டிவிசன் நம் மலையகத்தில் உண்டா?

இந்த ரோட்டைச் செப்பனிடச் சொல்லிப் பிரதேச சபைக்குப் போனால், "அது தோட்டத்து ரோடு, துரையைக் கேளுங்கள்" என்பார்கள். துரையிடம் போனால், "ரோடு போடுவது அரசாங்க வேலை, கம்பனியிடம் அதற்குக் காசில்லை" என்பார். மாறிமாறி விரலை நீட்டிக்கொண்டே நம் தாத்தா காலமும் அப்பா காலமும் போய்விட்டன. கையாலாகாத உறுப்பினர்களும் மனமில்லாத துரைமாரும் மட்டுமே இதற்குக் காரணம் என்று நம்மில் பலர் இன்றும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் அதற்கெல்லாம் அடியில் சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவு இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அது. சபை தன் நிதியை எங்கே செலவழிக்கலாம் என்ற கணக்கில் தோட்டக் குடியிருப்புகளை வெளியே நிறுத்தி வைத்தது அந்தப் பிரிவுதான். நல்ல மனசுள்ள தவிசாளர் ஒருவர் வந்து, லயத்துக்கு முன்னால் ஒரு தெருவிளக்கு போட விரும்பினாலும், கணக்காய்வாளர் கேள்வி கேட்பாரே என்று கையைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில் நாமும் அதே சபைகளுக்கு வாக்களித்தோம் என்பதுதான் கொடுமை. வாக்கு எடுக்கும்போது தோட்டம் சபையின் எல்லைக்குள், காசு செலவழிக்கும்போது எல்லைக்கு வெளியே!

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. தோட்டம் தனியார் நிலம், தனியார் நிலத்தில் பொதுப் பணத்தைச் செலவிட முடியாது என்பதுதான் இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். ஆனால் 1987இல் பெரிய தோட்டங்கள் யாரிடம் இருந்தன? 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அவை அரசாங்கத்தின் கைக்கு வந்து, ஜனவசமவும் பெருந்தோட்ட யாக்கமும் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. 1992க்குப் பிறகுதான் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. அதுவும் குத்தகைக்குத்தான், நிலம் இன்றும் அரசாங்கத்துடையது. ஆக, அரசாங்கம் தன்னுடைய சொந்த நிலத்தில் வாழும் ஜனங்களைப் பார்த்து, நீங்கள் தனியார் நிலத்தில் இருக்கிறீர்கள் என்று சொன்னது.

இந்த வேலி 1987இல் புதிதாகப் போடப்பட்டதல்ல. கோ. நடேசய்யர் அட்டன் தொகுதியின் உறுப்பினராக அரச சபையில் இருந்த நாட்களுக்குப் போக வேண்டும். அவரைப் பற்றி மூத்தவர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு என்றிருந்த காலத்தில், தொழிலாளரைப் பார்க்க வேண்டும் என்பதற்காகப் புடவை வியாபாரியைப் போல உள்ளே போய் லயங்களைச் சுற்றிப் பார்த்தவர் அவர். 1925இல் சட்ட நிரூபண சபைக்குப் போனார். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சம்மேளனத்தை அமைத்தார். 1936 முதல் 1947 வரை அரச சபையில் இருந்தார். துண்டு முறை, கங்காணிமாரின் கடன், சம்பளம் என்று அவர் பேசாத விஷயம் இல்லை. அவருடைய மனைவி மீனாட்சியம்மை மேடைகளில் பாட்டுப் பாடி ஆட்களைத் திரட்டினார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஐயரை நினைக்கும்போது அம்மாவை மறந்துவிடுவது நம்மிடம் ஒரு பழக்கமாகிவிட்டது.

அந்த அரச சபையில் 1937இல் கிராமச் சபைகள் பற்றிய சட்டத்திருத்தம் வந்தது. ஊர் அலுவல்களைக் கவனிக்கும் கிராமச் சபைக்கு ஊரவர் எல்லோரும் வாக்களிக்கலாம், ஆனால் தோட்டத்துக்குள் குடியிருக்கும் தொழிலாளருக்கு அந்த வாக்கு இல்லை என்பதே அதன் சாரம். 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்த நாட்டில், ஆறு வருஷத்துக்குள் இப்படி ஒரு கோடு கிழிக்கப்பட்டது. இந்திய அரசாங்கம்கூட ஆட்சேபித்தது. என்ன பயன்? தோட்டம் என்பது கிராமத்துக்கு வெளியே உள்ள இடம் என்ற எண்ணம் அன்றைக்கே சட்டத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினோம். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த வருஷம் வாக்காளர் இடாப்பிலிருந்து பேர் வெட்டப்பட்டது. 1952 தேர்தலில் நம் தோட்டங்களிலிருந்து ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. 1977இல் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவாகும்வரை அந்த வெற்றிடம் தேர்தல் மூலம் நிரம்பவில்லை. 1987இல் பிரதேச சபைச் சட்டம் நிறைவேறியபோது அவர் அமைச்சரவையில் இருந்தார். அப்படியானால் 33ஆம் பிரிவை ஏன் விட்டார் என்று இன்றைய இளைஞர்கள் கேட்கலாம், கேட்பதில் தவறில்லை. அன்று நம்மில் பெருந்தொகையானோர் இன்னும் நாடற்றவர்கள், பிரஜாவுரிமைதான் அப்போது தலைபோகிற அலுவல், அதற்கான விசேஷ சட்டம் 1988இல்தான் வந்தது. இது ஒரு பதில்தான். முழுப் பதில் என்று நாம் சொல்ல மாட்டோம்.

அந்தப் பிரிவு முப்பது வருஷம் இருந்தது. அதற்கிடையில் எத்தனை தேர்தல்! எத்தனை தகரம், எத்தனை சீமெந்து, எத்தனை நாற்காலி, கோயிலுக்கு எத்தனை ஒலிபெருக்கி! சட்டத்தின் அந்த ஒரு பிரிவைக் கையில் எடுத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

2015 ஆகஸ்ட் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்திலிருந்து தெரிவான மயில்வாகனம் திலகராஜ் அதைக் கையில் எடுத்தவர்களில் ஒருவர். மல்லியப்புசந்தி திலகர் என்ற பெயரில் கவிதை எழுதுகிறவர் என்று வாசகர்கள் அறிவார்கள். அவர் நம் சங்கத்தவரா, வேறு சங்கத்தவரா என்பது இங்கே விஷயமில்லை. 33ஆம் பிரிவைத் திருத்தாமல் தோட்டத்துக்கு உள்ளூராட்சி என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை என்று சபையிலும் வெளியிலும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார், எழுதினார். அமைச்சரவையில் இருந்த மனோ கணேசனும் பழனி திகாம்பரமும் அதற்காகப் பாடுபட்டார்கள். 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. தோட்டக் குடியிருப்புகளுக்கான ரோடு, கிணறு, மற்றப் பொது வசதிகளுக்குச் சபை நிதியைச் செலவிடலாம் என்றாயிற்று. மலையகப் பகுதிகளில் புதிய கிராமங்களை அமைப்பதற்கான அதிகார சபைச் சட்டமும் அதே வருஷத்தில்தான் வந்தது. நுவரெலியா, அம்பகமுவ என்று இருந்த இரண்டு பெரிய சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டு, 2018 ஆரம்பத்தில் மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனைக்கும் சொந்தச் சபை கிடைத்திருந்த நேரம் அது.

இந்தத் திருத்தம் நிறைவேறிய நாளில் எந்தத் தோட்டத்திலாவது பட்டாசு வெடித்ததா? எங்களுக்கு ஞாபகமில்லை. எங்கள் பத்திரிகைகளே அதற்கு உரிய இடம் கொடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். சட்டத்தில் ஒரு பிரிவு மாறுவதைப் படமெடுக்க முடியாது, ரிப்பன் வெட்ட முடியாது, பெயர்ப் பலகை மாட்ட முடியாது. 2020 தேர்தல் வந்தபோது திலகராஜின் பெயர் வேட்பாளர் பட்டியலில் இருக்கவில்லை. அது அந்தக் கூட்டணியின் உள்வீட்டு விஷயம். ஆனால் அதைக் கேட்டு நம் தோட்டங்களில் ஒரு முணுமுணுப்பும் எழவில்லையே, அது நம் விஷயம். உறுப்பினர் கொழும்பில் என்ன பேசினார் என்று நாம் கேட்பதில்லை. நம் வீட்டுக் கலியாணத்துக்கு வந்தாரா என்றுதான் கேட்கிறோம். கேட்பதற்கு ஏற்றபடிதான் அவர்களும் நடந்துகொள்வார்கள்.

சட்டம் மாறிவிட்டது, ரோடு மாறியதா? சில இடங்களில் கொங்கிறீட் விழுந்திருக்கிறது, விளக்கு எரிகிறது, இல்லையென்று சொல்லவில்லை. பல இடங்களில் சபைக்குப் போனால் பழைய பதிலேதான் வருகிறது. புதிய பிரிவிலும் இரண்டு இடைவெளிகள் உண்டு. ஒன்று, சபை செலவிடலாம் என்று அது அனுமதி தருகிறது, செய்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. மற்றது, தோட்ட நிர்வாகத்தோடு கலந்தாலோசித்துத்தான் செய்ய வேண்டும். கலந்தாலோசிப்பது என்பது நடைமுறையில் துரையின் அனுமதி என்று ஆகிவிடுகிறது. ஒரு கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்தாலே போதும், வேலை நின்றுவிடும். நடேசய்யர் புடவை மூட்டையோடு தாண்டிய அதே வாசலில்தான் இன்றைக்குப் பிரதேச சபையின் கல்லும் மணலும் நிற்கின்றன.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலை சரிந்தபோது, மண் மூடிய தோட்டத்து ரோட்டைத் திறப்பது யார் பொறுப்பு என்ற கேள்வி உயிர்போகிற கேள்வியாக மாறியது. பெரிய ரோட்டுக்கு இயந்திரம் வரும். அங்கேயிருந்து பிரிந்து லயத்துக்கு ஏறும் ரோட்டில் இறங்கியது நம் பையன்களின் மண்வெட்டிதான்.

இப்போது பாராளுமன்றத்தில் நம் ஆட்கள் குறைவில்லை. ஆளும் கட்சியிலும் இருக்கிறார்கள், எதிர்க்கட்சியிலும் இருக்கிறார்கள். 2024 நவம்பர் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் தெரிவாகி, மலையகப் பெண்களின் குரல் முதன்முறையாக அந்தச் சபைக்குள் போயிருக்கிறது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் சேற்றில் நடப்பது எப்படி என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. எந்தக் கட்சியானாலும் சரி, எல்லா உறுப்பினர்களிடமும் நாம் கேட்பது ஒன்றுதான். தோட்ட நிர்வாகம் குறித்த நாளுக்குள் பதில் தராவிட்டால் சபை வேலையைத் தொடங்கலாம் என்று 33ஆம் பிரிவில் ஒரு வரி சேருங்கள். 2018க்குப் பிறகு ஒவ்வொரு சபையும் தோட்டங்களுக்குள் எவ்வளவு செலவழித்தது என்று உள்ளூராட்சி அமைச்சரிடம் சபையில் கேள்வி கேளுங்கள். அந்தப் பதில் ஹன்சார்ட்டில் ஏறட்டும். வந்தவுடன் அதை இந்தப் பத்திரிகையில் தோட்டம் தோட்டமாகப் போடுகிறோம்.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. 2025 மே தேர்தலில் தெரிவான பிரதேச சபைகள் நடந்துகொண்டிருக்கின்றன, நம் வட்டாரங்களிலிருந்து போனவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த சந்தாக் கூட்டத்துக்கு முன் ஒரு காகிதம் எழுத வேண்டும். எந்த ரோடு, எங்கேயிருந்து எங்கே, எத்தனை குடும்பம் அதைப் பாவிக்கிறது, பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் எத்தனை பேர், பீலித் தண்ணீர் எங்கே நிற்கிறது, விளக்கு எங்கே இல்லை என்று விவரமாக எழுதுங்கள். மேலே "2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்ட 33ஆம் பிரிவின்படி" என்று போட மறக்க வேண்டாம். ஒரு பிரதியைத் தவிசாளருக்கும், ஒன்றைத் தோட்ட முகாமையாளருக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். மூன்றாவது பிரதியை நம் மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பிவையுங்கள். தலைவிமார் இந்த வேலையை முன்னின்று செய்தால் நல்லது, எந்த வீட்டில் யார் கர்ப்பிணி என்று தலைவர்மாரைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.