விளிம்பில் இருக்கும் பெயர்

கோவை ராஜ வீதியில் ஒரு வெள்ளிக் கடை. வேறொரு காரியமாக அங்கே போயிருந்தோம். காங்கயம் பக்கத்திலிருந்து வந்த அறுபது வயது அம்மாள் ஒருவர் மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்துக் கொட்டினார். ஒரு ஜோடிக் கொலுசு, ஒரு அரைஞாண், வட்டமாக ஒரு வெள்ளி வில்லை. கடைக்காரர் எல்லாவற்றையும் சேர்த்தே தராசில் போட்டார்.

"அந்த வில்லை என்னங்கம்மா?" என்று கேட்டோம்.

"எங்க ஊட்டுக்காரரோட அப்பாருதுங்க. வெள்ளைக்காரன் காலத்துல சண்டைக்குப் போயிட்டு வந்தாருன்னு சொல்லுவாங்க. எந்தச் சண்டை, எந்தச் சீமைன்னு ஆருக்குங்க தெரியும்?"

வாங்கிப் பார்த்தோம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் குதிரை மேல் உடையில்லாத ஒரு வீரன். குதிரையின் காலடியில் ஜெர்மன் கழுகு பொறித்த கேடயம். 1914, 1918 என்று இரண்டு வருஷங்கள். முதல் உலக யுத்தத்துக்காக பிரிட்டிஷ் சர்க்கார் கொடுத்த மெடல். உலகம் முழுவதும் அறுபது லட்சத்துக்கு மேல் அடித்துக் கொடுத்தார்கள். ஆகவே அபூர்வமான பொருள் என்று சொல்வதற்கில்லை. ஏறக்குறைய முப்பது கிராம் வெள்ளி, அவ்வளவுதான்.

ஆனால் அதன் விளிம்பைத் திருப்பினால் விஷயம் வேறு. அங்கே பொடி எழுத்தில் ஒரு எண், 'சிப்பாய்' என்ற பதவி, ஒரு பெயர், பிறகு '61 பயனியர்ஸ்' என்று அழுத்தி அடித்திருந்தது. அந்த வீட்டில் நூறு வருஷமாக இருந்த பொருள். விளிம்பில் எழுத்து இருப்பதே அந்த அம்மாளுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? எழுத்து இங்கிலீஷ். அதையும் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை புளி போட்டுத் தேய்த்து மழுக்கியிருக்கிறார்கள்.

61 பயனியர்ஸ் என்பது நமது சென்னை ராஜதானிப் பட்டாளம். சிப்பாய் வேலையோடு பாதை வெட்டுவது, பாலம் கட்டுவது, பள்ளம் தோண்டுவது எல்லாம் அவர்கள் தலையில்தான். ஒரு தோளில் துப்பாக்கி, மறு தோளில் மண்வெட்டி. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தைப் பிடிக்க பிரிட்டிஷார் அனுப்பிய படையில் இந்தப் பட்டாளமும் இருந்தது. எண்ணிக்கையில் மிகக் குறைவான ஜெர்மன் படையிடம் தோற்றுக் கப்பலேறினார்கள். திட்டம் போட்ட தளபதிகளின் கோணல் புத்திக்கு இந்தியச் சிப்பாய் மேல் பழி விழுந்தது. அந்த யுத்தத்துக்கு சென்னை ராஜதானி மட்டும் 51 ஆயிரம் சிப்பாய்களையும், 41 ஆயிரம் கூலி, சமையல், சுமைதூக்கும் ஆட்களையும் அனுப்பியது. பட்டாளங்களின் யுத்த நாட்குறிப்பைப் புரட்டினால் செத்த வெள்ளை அதிகாரிக்குப் பெயர் உண்டு. சிப்பாய்களுக்குப் பெரும்பாலும் எண்ணிக்கைதான். பெயர் கிடைக்கும் இடம் மெடலின் விளிம்பு.

மெடல் என்றால் வீரத்துக்குச் சன்மானம் என்று நினைக்கிறோம். அது முழு உண்மையல்ல. யாருக்கு எந்த உலோகம் என்பதிலேயே மேல் கீழ் எழுதியிருக்கிறது.

நம் பக்கத்துச் சரித்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு சுல்தான் மாண்டார். கோவைச் சீமை கம்பெனியின் கைக்கு வந்தது. அந்த வெற்றிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தில் ஒரு மெடல் அடித்தது. பிரிட்டிஷ் சிங்கம் மைசூர்ப் புலியை மிதித்து அடக்குவதுபோல் சித்திரம். தளபதிக்குத் தங்கம். அடுத்த அதிகாரிக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி. அதற்கும் கீழே உள்ள அதிகாரிக்கு வெள்ளி. ஹவில்தார் வகையறாவுக்கு வெண்கலம். சாதாரணச் சிப்பாய்க்கு? வெள்ளீயம்! ஈயம் பூசும் பாத்திரக்காரர் கையில் இருக்குமே, அந்த வெள்ளீயம். அதிலும் பெயர் கிடையாது. கோட்டைச் சுவரின் உடைப்பில் முதலில் ஏறியவன் யார் என்று அந்த உலோகத்தைக் கேட்டால் பதில் வராது. திப்புவின் பக்கம் நின்ற தீரன் சின்னமலையை 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். தோற்ற பக்கத்துக்கு மெடல் ஏது?

பிற்காலத்தில் பெயர் பொறித்தார்கள். உலோக பேதம் மட்டும் போகவில்லை. 1903-04 திபெத் படையெடுப்பில் சிப்பாய்க்கு வெள்ளி மெடல். பனிமலையில் மூட்டை சுமந்தவனுக்கு அதே மெடல் வெண்கலத்தில். அதன் விளிம்பில் பெயருக்கு முன்னால் 'கூலி' என்றே பொறித்திருக்கிறது. சர்க்கார் கொடுத்த கௌரவச் சின்னத்திலேயே 'கூலி'! முதல் யுத்தத்திலும் தொழிலாளர் படைக்கு வெண்கலம்தான்.

போயர் யுத்தத்தில் காந்தி அமைத்த ஆம்புலன்ஸ் படையையும் சொல்ல வேண்டும். 1899இல் நேட்டாலில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 1,100 பேர். அதில் சுமார் 300 பேர்தான் சுதந்திர இந்தியர். மற்றவர் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்தவர்கள், அவர்களில் தமிழர் ஏராளம். காயம்பட்ட வெள்ளைச் சிப்பாய்களை மைல் கணக்கில் தூளியில் சுமந்தார்கள். மெடல் கிடைத்தது படையின் தலைவர்களுக்கு. இதை காந்தியே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1920 ஆகஸ்டில் அவர் தம்முடைய மெடல்களை வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பினார். தேசமே அதைப் பேசியது, நியாயம்தான். ஆனால் திருப்பி அனுப்பக்கூட ஒன்றும் இல்லாமல் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்பினவர்கள் எத்தனை பேர்!

இப்போது மெடல் சேகரிப்பவர்களைப் பற்றி. இது பணக்காரரின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று தோழர்கள் சிலர் நினைக்கலாம். நாமும் வெகு நாள் அப்படித்தான் நினைத்திருந்தோம். அது சரியல்ல. லண்டனில் 1942இல் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சிச் சங்கம் தோன்றியது. விளிம்பில் உள்ள எண்ணை வைத்து மெடல் பட்டியலைத் தேடி, பட்டியலிலிருந்து பட்டாளத்தை, பட்டாளத்திலிருந்து யுத்தகளத்தைக் கண்டுபிடித்து எழுதும் பொறுமைசாலிகள் உண்டு. சர்க்கார்கள் மறந்த மனிதரை இவர்கள் தேடி எடுத்திருக்கிறார்கள். அந்த உழைப்பை மதிக்கிறோம்.

மதிக்க முடியாதது இதைச் சுற்றியுள்ள வியாபாரம். ஒரே மனிதனின் மூன்று மெடலைப் பிரித்து மூன்று பேருக்கு விற்பார்கள். விளிம்பை அராவிப் பெயரையே மாற்றுவதும் உண்டு. நாயக் கிர்பா ராம் 1945 செப்டம்பரில் பெங்களூர் அருகே பயிற்சியின்போது, குறி தவறிய வெடிகுண்டின் மேல் பாய்ந்து தோழர்களைக் காப்பாற்றி உயிர்விட்டவர். ஜார்ஜ் சிலுவை பெற்றார். இமாசலக் கிராமத்தில் அவருடைய விதவை மனைவி பாதுகாத்து வைத்திருந்த அந்தப் பதக்கம் 2002இல் களவு போயிற்று. 2009இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது! கூக்குரல் எழுந்த பிறகே விற்பனை நின்றது. அவர் புகழ் பெற்றவர், ஆகவே கூக்குரல் எழுந்தது. காங்கயத்துச் சிப்பாய்க்கு யார் குரல் கொடுப்பார்கள்?

இங்கே களவைவிடப் பெரிய எதிரி உலை. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி விலை கிடுகிடுவென ஏறியபோது இந்த வெள்ளி மெடல்கள் மூட்டை மூட்டையாக உருகின. நம்மூரில் அதற்கு உலகச் சந்தை தேவையில்லை. ஒரு மழை பொய்த்தால் போதும், கிணறு வற்றினால் போதும், மெடல் தராசுக்கு வந்துவிடும். அதற்காக அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. நூறு வருஷம் கடந்த சரித்திரப் பொருளை 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. நல்லது. ராஜ வீதி உலைக்கு அனுப்புவதை யார் கவனிக்கிறார்கள்?

காமன்வெல்த் யுத்தக் கல்லறைக் கமிஷன் 2021இல் தானே ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் யுத்தத்தில் மாண்ட குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும், பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை என்று அது ஒப்புக்கொண்டது. நம்மவர் சண்டையிட்ட அதே கிழக்கு ஆப்பிரிக்காதான்! லண்டனே ஒப்புக்கொண்ட பிறகு நாம் சும்மா இருப்பதா?

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. வீட்டில் மெடல் இருந்தால் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து விளிம்பைப் படியுங்கள். எழுத்து மங்கியிருந்தால் மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேயுங்கள், எழும்பி வரும். எண், பதவி, பெயர், பட்டாளம் எல்லாவற்றையும் இருப்பது இருக்கிறபடி எழுதுங்கள். இங்கிலீஷ்காரன் நம் பெயரைக் கோணலாக எழுதியிருந்தாலும் திருத்த வேண்டாம். பக்கத்தில் ஊர், குடும்பம், தெரிந்த கதை. பென்ஷன் காகிதம் இருந்தால் அதையும் சேருங்கள். விவசாயிகள் சங்க ஊழியரும் வாலிபர்களும் கிராமத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டால் போதும். அந்த நோட்டுகளை வாங்கி வைப்பதும், விற்கத்தான் வேண்டுமென்று வருகிற மெடலை வெள்ளி விலைக்குக் குறையாமல் வாங்குவதும் கோவை அரசு அருங்காட்சியகத்தின் கடமை என்று சர்க்காரைக் கேட்கிறோம். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் இருக்கிறது. அவர்களும் கை கொடுக்கலாம்.

கடையில் அந்த அம்மாளிடம் இதையெல்லாம் சொல்லிப் பார்த்தோம். பொறுமையாகக் கேட்டார். பேத்திக்குக் காலேஜ் பணம் கட்ட மறுநாள் கடைசி நாள். "அதுல அவரு பேரு இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார். படித்துக் காட்டினோம். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு கடைக்காரர் கொடுத்த சீட்டின் பின்புறத்தில் அதைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எண், பெயர், பட்டாளம், டாங்கா என்று எழுதிக் கொடுத்தோம். நமது நோட்டிலும் குறித்துக்கொண்டோம். சீட்டை நாலாக மடித்துப் பணத்தோடு சேர்த்து மடியில் முடிந்துகொண்டு அம்மாள் பஸ்ஸுக்குப் புறப்பட்டார். மெடல் கொலுசோடு பெட்டிக்குள் போயிற்று.